மிளகளவு கறுப்புப் பொருக்கு: வேலூர்ப் பக்கத்து உண்ணிக் காய்ச்சல் பற்றி

வாசகர் ஒருவரின் கேள்வி – 2025 நவம்பர் 8

வேலூரில் உலகத்தரத்தில் மருத்துவ ஆராய்ச்சி நடக்கிறது என்று பெருமை பேசுகிறோம். அந்த ஆராய்ச்சியால் அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கத்துக் கிராமத்துக்காரனுக்கு என்ன கிடைத்தது? காய்ச்சல் வந்தால் இன்றைக்கும் ஒரு ஊசி, நாலு மாத்திரை, ஒரு பாட்டில் குளுக்கோஸ். அவ்வளவுதானே?

நவம்பர் 8, இரவு

போன வருஷம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஐப்பசி. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடித்த கையோடு அம்மாவுக்குக் காய்ச்சல். ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தை ஒட்டி எங்கள் நிலம். வரப்பில் முழங்கால் உயரத்துக்குப் புல். பிடுங்கிய செடியைக் குவித்துப் போட்டு, அந்தப் புல்மேல் உட்கார்ந்துதான் காய் ஆய்வார்கள். வருஷா வருஷம் அப்படித்தான்.

முதல் இரண்டு நாள் கஷாயமும் பாராசிட்டமாலும். மூன்றாம் நாள் பக்கத்தில் ஒரு கிளினிக். பெயர் வேண்டாம். ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை, தட்டணு குறைவாக இருக்கிறது, 'டைபாய்டு லேசா காட்டுது' என்றார்கள். ஐந்து நாள் காலையும் மாலையும் நரம்பில் ஊசி. காய்ச்சல் இறங்கவே இல்லை. ராத்திரியானால் 103. தலைவலி தாங்காமல் துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். எட்டாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு வாக்கியம் பேசி முடிக்க இரண்டு தடவை நிறுத்தினார். அண்ணன் கார் வைத்துக்கொண்டு வந்தான்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவு. ஒரு நர்ஸ் பெண், இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். திரையை இழுத்து மூடி எங்களை வெளியே அனுப்பிவிட்டார். அண்ணி மட்டும் உள்ளே. அந்தப் பெண் கேட்டது திரைக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது:

'அம்மா, உடம்புல எங்கேயாவது கறுப்பா பொருக்கு மாதிரி இருக்கா? வலிக்காது, அரிக்காது. ஜாக்கெட்டைக் கொஞ்சம் தளர்த்துங்க, நானே பாத்துக்கிறேன்.'

இடது மார்பின் மடிப்புக்கு அடியில் இருந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. நடுவில் கறுப்பாகக் காய்ந்து, சுற்றிலும் சிவந்த வளையம். பீடி நெருப்பு பட்ட மாதிரி இருந்தது என்று அண்ணி பிறகு சொன்னார்.

அது இருப்பது அம்மாவுக்குத் தெரியும். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. 'ஊக்கு குத்தின புண்ணுன்னு விட்டுட்டேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல.'

அன்று சாயங்காலமே மருந்தை மாற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் அம்மா இட்லி கேட்டார்.

ஆராய்ச்சியால் என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். அந்த நர்ஸ் பெண்ணின் கேள்வி கிடைத்தது.

நவம்பர் 8, கொஞ்ச நேரம் கழித்து

நோயின் பெயரை எழுத மறந்துவிட்டேன். ஸ்க்ரப் டைபஸ். நம் சுகாதாரத் துறை 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறது. கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. ஜப்பானியப் பெயர், 'முஷி' என்றால் பூச்சி. இரண்டாம் உலகப் போரில் பர்மா, அசாம் பக்கம் புதர்க்காட்டில் இருந்த சிப்பாய்களை ஆயிரக்கணக்கில் படுக்க வைத்த காய்ச்சல் இது. அப்போது இதற்கு மருந்தே கிடையாது. 1948இல் மலேயாவில்தான் குளோராம்ஃபெனிகால் வேலை செய்கிறது என்று கண்டார்கள்.

நம் பக்கம் இது மறுபடி தலைகாட்டியதை 2001 அக்டோபரிலிருந்து 2002 பிப்ரவரி வரை வந்த காய்ச்சல்காரர்களைப் பார்த்து வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) டாக்டர்கள் எழுதி வைத்தார்கள். மாதங்களைக் கவனியுங்கள். மழை பிடித்து, பனி இறங்கி, புல் வளர்ந்து நிற்கும் காலம். வேலூர் வெயிலுக்குப் பேர் போன ஊர்; இந்தக் காய்ச்சல் வருவது வெயில் தணிந்த பிறகு.

நவம்பர் 9

அம்மாவுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் நரம்பு வழியாக. பழைய மருந்துகள்தான். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான் புதுசு.

2023 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு. சி.எம்.சி. தொற்றுநோய்த் துறையின் டாக்டர் ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில், இந்தியாவில் 7 ஆஸ்பத்திரிகளில் நடந்தது. உண்ணிக் காய்ச்சல் முற்றி நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஏதாவது ஓர் உறுப்பாவது பாதிக்கப்பட்டவர்கள் மட்டும், 794 பேர். குலுக்கல் முறையில் மூன்று குழு: டாக்ஸி மட்டும், அசித்ரோ மட்டும், இரண்டும் சேர்த்து. 7 நாள் சிகிச்சை. இரண்டும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 33 சதவீதம் பேருக்குத்தான் நிலைமை மோசமாக முடிந்தது. ஒன்றை மட்டும் கொடுத்தவர்களில் 47, 48 சதவீதம்.

இரண்டும் சேர்ந்தால் உயிர் பிழைக்கிறார்கள். என் அம்மா அதற்குச் சாட்சி.

நவம்பர் 10, திருத்தம்

நேற்று எழுதியதில் கடைசி இரண்டு வரியைத் திரும்பப் பெறுகிறேன். உணர்ச்சி வசப்பட்டு எழுதியது.

ராத்திரி அந்த ஆய்வை மறுபடி நிதானமாகப் படித்தேன். 'மோசமான முடிவு' என்று அவர்கள் எண்ணியது மூன்றைச் சேர்த்து: 28 நாளுக்குள் சாவு, 7ஆம் நாளும் தீராத உறுப்புக் கோளாறு, 5ஆம் நாளும் விடாத காய்ச்சல். வித்தியாசம் முக்கியமாக வந்தது அந்த உறுப்புக் கோளாறில்தான். சாவை மட்டும் தனியாக எடுத்தால் மூன்று குழுவிலும் பெரிய வேறுபாடு இல்லை.

அப்படியென்றால் பயன் இல்லையா? இருக்கிறது. மூச்சுத் திணறலோடு ஏழாம் நாளும் படுக்கையில் கிடப்பதற்கும், எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஐ.சி.யூ.வில் ஒரு நாள் குறைந்தால் எங்கள் மாதிரிக் குடும்பத்துக்கு ஒரு பசு மிச்சம்.

ஆனால் சாவைத் தடுப்பது எது என்றால், எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதுதான். எட்டாம் நாள் போவதும் நாலாம் நாள் போவதும் ஒன்றல்ல. முற்றாத நிலையில் பிடித்துவிட்டால் ஒரு மருந்தே போதும், வாய்வழி மாத்திரையே போதும். அதுவும் சில ரூபாய் மாத்திரை. பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும்.

இரண்டையும் ஏன் சேர்க்கிறார்கள் என்றும் கேட்டிருந்தார்கள். கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ள ஒரு சின்ன இயந்திரம் வைத்திருக்கிறது. அதற்கு இரண்டு பாகம். டாக்ஸி ஒன்றைப் பிடிக்கிறது, அசித்ரோ மற்றதைப் பிடிக்கிறது. செக்கின் உலக்கையையும் உரலையும் ஒரே நேரத்தில் கட்டிப்போட்ட மாதிரி.

நவம்பர் 12

'உண்ணி' என்ற பெயரால் ஒரு குழப்பம். மாட்டின் காதில், நாயின் கழுத்தில் கொட்டைமுத்து மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் என்று ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக இரண்டு மாட்டுக்கும் மருந்து தெளித்தான். மாட்டுக்கு நல்லதுதான். அம்மாவுக்கு வந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இது வேறு பூச்சி. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. புல் நுனியில் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் கடிக்கும், அதுவும் வாழ்நாளில் ஒரே தடவை. அப்புறம் வளர்ந்து மண்ணிலேயே இருந்துவிடும். கிருமி தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வருகிறது. ஆளுக்கு ஆள் ஒட்டாது. அம்மா தட்டில் சாப்பிட யாரும் பயப்பட வேண்டியதில்லை. எங்கள் பெரியம்மா பயந்தார்கள்.

நவம்பர் 15

கிளினிக்கைப் பற்றி எழுதியதில் இரண்டாவது யோசனை.

ஒரு வருஷமாக மனசுக்குள் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் படித்த பிறகு பாதித் திட்டைக் குறைத்துக்கொள்கிறேன். டெங்கு சந்தேகப்பட்டது தப்பில்லை, தட்டணு இரண்டிலுமே குறையும். உண்ணிக் காய்ச்சலுக்கென்று ஐ.ஜி.எம். எலைசா டெஸ்ட் இருக்கிறது. அது நம் உடம்பு கிருமிக்கு எதிராகச் செய்யும் எதிர்ப்பொருளைத் தேடுவது. முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் போதிய அளவு ஊறியிருக்காது. மூன்றாம் நாளே எடுத்திருந்தால் 'இல்லை' என்றுகூட வந்திருக்கலாம்.

டைபாய்டு 'லேசா காட்டுது' என்றது வைடால் டெஸ்டை வைத்து. டைபாய்டு புழங்கும் நம் ஊரில் ஒரே ஒரு தடவை எடுத்த வைடாலை நம்பவே கூடாது. பழைய காய்ச்சலின் மிச்சம்கூட அதில் தெரியும். அதை நம்பி ஐந்து நாள் ஊற்றியது செஃப்ட்ரையாக்சோன். டைபாய்டுக்கு நல்ல மருந்து. உண்ணிக் காய்ச்சல் கிருமியோ நம் செல்லுக்குள்ளேயே புகுந்து குடியிருப்பது. அந்த வகை ஊசி அதை ஒன்றும் செய்யாது. பத்து நாள் போட்டாலும் செய்யாது.

மீதிப் பாதித் திட்டு அப்படியே இருக்கிறது. ஐந்து நாள் காய்ச்சல் இறங்காதபோது, இது வேறாக இருக்குமோ என்று ஒருவரும் நிற்கவில்லை. ஐந்து நாளும் மணிக்கட்டைத் தவிர அம்மாவின் உடம்பில் வேறு எங்கும் யாரும் பார்க்கவில்லை. அதற்கு எந்த டெஸ்டும் வேண்டாம், ஒரு திரையும் ஒரு பெண்ணும் போதும்.

நவம்பர் 16

'ஏழைகளை வைத்துப் பரிசோதனை செய்கிறார்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான், தள்ளிவிட மாட்டேன். என் பதில் இது: அந்த 2023 ஆய்வில் யாருக்கும் வெறும் தண்ணீர் ஊசி மட்டும் போட்டு விடவில்லை. மூன்று குழுவுக்கும் கொடுத்தது ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மருந்து. எது மேல் என்று யாருக்கும் தெரியாததால்தான் குலுக்கினார்கள். நம் ஊர் நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் பயன் நம் ஊர் நோயாளிக்கே திரும்பி வந்தது, அதை என் வீட்டில் பார்த்தேன். இந்தக் காய்ச்சல் நியூயார்க்கில் வருவதில்லை. நாம் இதை ஆராயாவிட்டால் வேறு யார் ஆராய்வார்கள்?

நவம்பர் 23

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், ஆனால் சம்பந்தம் உண்டு.

எங்கள் சித்தப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு திண்ணையில் உட்கார்ந்தவர் சட்டைப் பையிலிருந்து சின்ன வட்டக் கண்ணாடி ஒன்றை எடுத்தார், பொட்டு வைக்கிற கண்ணாடி. காலைத் தூக்கி மடியில் வைத்து உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு தடவை ஷூ ஆணி குத்தி இரண்டு நாள் கூடவே நடந்திருக்கிறார், தெரியவே இல்லை. அதிலிருந்து தினமும் இது நடக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். 'கரிகிரியில' என்றார்.

கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் 1955இல் தொடங்கியது. அதற்குச் சில வருஷம் முன்பே வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப் போன விரல்களை, நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து, நிமிர்த்திக்கொண்டிருந்தார். கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். விரல் அழுகி விழுவது நோயால் என்று ஊரே நம்பிய காலம். அவர் உட்கார்ந்து நோயாளிகளின் கையையும் காலையும் நாள்கணக்கில் பார்த்தார். வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், வெட்டிக்கொள்கிறார்கள், புண்ணோடு நடக்கிறார்கள், அதனால்தான் விரல் போகிறது என்று கண்டார். மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பும், தினமும் காலைப் பார்க்கும் பழக்கமும் அங்கிருந்து வந்தவை. 1966இல் அமெரிக்காவுக்குப் போன பிறகு அதையே சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் கொண்டுபோனார். சித்தப்பா போட்டிருப்பது அந்தச் செருப்புதான்.

வலிக்காத புண்ணைத் தேடிப் பார்ப்பது. கரிகிரியில் காலில் பார்த்ததை அந்த நர்ஸ் பெண் மார்பின் மடிப்பில் பார்த்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது.

நவம்பர் 30

முன்னால் எழுதியதில் இன்னொரு திருத்தம். மலையடிவாரம், மல்லாட்டைக் கொல்லை என்றே எழுதிவந்தேன். காட்டுப் பக்கம் போகாதவனுக்கு வராது என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் எலியையும் மூஞ்சூறையும் பிடித்துப் பார்த்ததில் அவற்றின் காதில் இந்தப் பூச்சியின் குஞ்சுகள் இருந்திருக்கின்றன. மூஞ்சூறு வீட்டுச் சுவரோரமாகவே ஓடுவது. கொல்லைப்புறத்தில் விறகுக் குவியல், அதைச் சுற்றிப் புதர் என்றால் அதுவே போதும்.

அண்மையில் இன்னொரு ஆய்வும் வந்தது, அதே நியூ இங்கிலாந்து ஜர்னலில். சி.எம்.சி.யும் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசினும் சேர்ந்து செய்தது. தமிழ்நாட்டில் 37 கிராமங்கள், 30,000-க்கும் மேற்பட்டவர்கள், இரண்டு வருஷம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை எண்ணாமல், வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் வந்ததா என்று கேட்டு, ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கிருமி தொற்றியவர்களில் பலருக்குக் காய்ச்சலே வரவில்லை. சிலருக்கோ உயிரே போயிருக்கிறது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

தடுப்பூசி இல்லை. கிருமியில் பல வகை, ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு மற்றதைத் தடுப்பதில்லை, நீண்ட நாள் நிற்பதும் இல்லை. அதனால் கையில் இருப்பது சின்னச் சின்ன வேலைகள்தான். வெறும் புல்லில் உட்காராமல் தார்ப்பாய் விரிப்பது, கொல்லையிலிருந்து வந்ததும் தேய்த்துக் குளித்து, உடுத்தியதைத் துவைக்கப் போட்டுவிடுவது, வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டுவது. எங்கள் வீட்டில் இந்த வருஷம் மல்லாட்டை ஆய்ந்தது தார்ப்பாய் மேல்.

டிசம்பர் 14

அந்தப் பொருக்கை எங்கே எங்கே பார்ப்பது என்று எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அக்குள், தொடை இடுக்கு, பெண்களுக்கு மார்பின் கீழ், காதுக்குப் பின்னால், தொப்புளைச் சுற்றி, முதுகு, பிறப்புறுப்பைச் சுற்றி. இடுப்பில் அரைஞாண் கயிறோ பாவாடை நாடாவோ இறுக்கும் இடத்தை மறக்காதீர்கள். ஊர்ந்து வரும் பூச்சி அங்கேதான் தடைபட்டு நிற்கும். வியர்வை ஊறும் மடிப்பில் கறுப்புப் பொருக்கு கட்டாமல் வெறும் ஈரப் புண்ணாகவும் இருக்கலாம்.

எல்லாருக்கும் இருக்காது. வேலூர் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம்தான் கண்டிருக்கிறார்கள். இல்லை என்பதால் இந்தக் காய்ச்சல் இல்லை என்று ஆகாது.

எழுதுவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கும் இடங்கள் இவை. அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? மகன்களிடம் சொல்ல முடியாது, ஆண் டாக்டரிடம் சொல்ல முடியாது. மருமகள், மகள், தங்கை யாராவது ஒருவர் கதவைச் சாத்திவிட்டுப் பார்க்க வேண்டும். சொல்வதற்கு இலகுவாக ஒரு வாசகம் தருகிறேன், ஆஸ்பத்திரியில் அப்படியே சொல்லுங்கள்: 'ஐந்து நாளா காய்ச்சல், கொல்லை வேலைக்குப் போனேன், இங்கே ஒரு பொருக்கு இருக்கு.' இந்த மூன்றும் சேர்ந்தாலே டாக்டருக்குப் போதும். டெஸ்ட் முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவார்கள்.

டிசம்பர் 15

இதைப் படித்துவிட்டு ஒருவர் மெடிக்கலில் தானே டாக்ஸி வாங்கிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாராம். வேண்டாம். காய்ச்சல் மலேரியாவாகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு டாக்ஸிக்குப் பதில் அசித்ரோமைசின் கொடுப்பார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த டாக்ஸியைக்கூடப் படுக்கப் போகும்போது ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கக் கூடாது, உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். நிறையத் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அங்கேயே டாக்ஸி இருக்கும்.

2026 ஜனவரி 4

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்று நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஏரிக்கரையில் முள்ளும் புதரும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண், எங்கள் தெருவில் மூன்றாவது வீடு, இரண்டு நாளாகக் காய்ச்சல், தலைவலி என்று வேப்பமரத்தடியில் சுருண்டு படுத்திருந்தார். வெறும் புல்லில்.

அம்மா முதலில் அவரை எழுப்பிச் சாக்கில் உட்கார வைத்தார். அப்புறம் இன்னொரு பெண்ணின் புடவையை வாங்கி இரண்டு கிளைக்கு நடுவே கட்டினார். என்னைப் பார்த்து, 'நீ போய் அந்தப் பக்கம் நில்லு' என்றார்.

நான் சாப்பாட்டுக் கூடையோடு மதகுப் பக்கம் போய் நின்றேன். அம்மா கேட்பது அங்கே வரை கேட்டது: 'எங்கேயாவது கறுப்பா பொருக்கு மாதிரி இருக்காடி? வலிக்காது, அரிக்காது. கூச்சப்படாத, எனக்கும் இருந்துச்சு.'

காதுக்குப் பின்னால், முடி மறைத்த இடத்தில் இருந்தது. மத்தியானமே அண்ணன் வண்டியில் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் மாத்திரை வாங்கி வந்தான். இன்று காலை கேட்டேன், காய்ச்சல் இன்னும் இருக்கிறது, 100. நாளைக்கும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஜனவரி 6

விட்டுவிட்டது.